கடைப்பலகையில் ஓர் எழுத்து

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

போன வாரம் பேனா வாங்க ஒரு கடைக்குப் போனேன். பலகையில் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி' என்று பெரிதாக எழுதியிருந்தது. கடைசியில் ஈ-ஆர்-ஒய் வரவேண்டிய இடத்தில் ஏ-ஆர்-ஒய். ஏ போட்டால் நகராமல் நிற்பது. தாளுக்கும் பேனாவுக்கும் ஈ.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இடைக்கால ஐரோப்பாவில் சரக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய வியாபாரிகள் ஏராளம். புத்தகமும் எழுதுபொருளும் விற்றவர்களோ ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். நிலையாக நிற்பவர் என்ற பொருளில் லத்தீனில் அவர்களுக்கு வந்த பெயர்தான் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனர்' ஆயிற்று. லண்டனில் 1403-லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. பேக்கரின் கடை பேக்கரி. ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. ஆளைக் காட்டும் அந்த ஈ-ஆர் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! இதைக் கேட்ட பிள்ளை ஆயுசுக்கும் தவறாது.

நாமோ இப்படி ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை ஜோடி ஜோடியாகப் பட்டியல் போட்டு உருப்போடச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. விடுப்புக் கடிதத்தில் முதல்வரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' என்பதற்குப் பதிலாகக் 'கொள்கை அவர்களுக்கு' என்று 'பிரின்சிபிள்' எழுதிய பிள்ளையும் அந்தப் பட்டியலை ஒப்பித்த பிள்ளைதான்.

'நைட்' என்றால் இரவு. முன்னால் கே போட்டால் குதிரைவீரன். அந்தக் கே ஏன் சும்மா நிற்கிறது? சும்மா வந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் அதை 'க்' என்று அழுத்தியே சொன்னார்கள். நடுவில் உள்ள ஜி-எச்சும் தொண்டையில் உரசி ஒலித்தது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் அச்சு, எழுத்தை மெல்ல மெல்லக் கட்டிப்போட்டது. நாக்கை யார் கட்டிப்போடுவது? ஒலி தேய்ந்தது, எழுத்து நின்றுவிட்டது.

நமக்கு இது புதிதா என்ன? 'அரம்', 'அறம்' இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். எழுதும்போது மட்டும் பிரிக்கிறோம். மயங்கொலி என்று அழகாகப் பெயரும் வைத்திருக்கிறோம். அந்தப் பயிற்சி உள்ள பிள்ளை ஆங்கிலத்தைக் கண்டு ஏன் மிரள வேண்டும்?

மேடை ஏறும் முன் ஒரு மாணவி கேட்டாள்: "எழுது என்று சொல்கிற 'ரைட்'டுக்கு முன்னால் டபிள்யூ எதுக்கு சார்?"

அதையும் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள், அம்மா.