எட்டு பெண்ட் பைப் மாத்துன கதை

வணக்கம்ங்க. பழைய கார் பத்தி எதாவது பேசுங்கன்னு கூப்டாங்க. எதாவதுன்னு விட்டா நான் ரெண்டு நாள் பேசுவேன், அதனால ஒரே ஒரு வேலைய மட்டும் எடுத்துக்கறேன், ஹெடர் மாத்தறது. ஹெடர்னா ஏதோ புதுசுன்னு பயந்துடாதீங்க, நம்ம ஊர் பைக் மெக்கானிக் பெண்ட் பைப்னு சொல்லுவாரே, இன்ஜின் ஹெட்ல இருந்து வளைஞ்சு இறங்கி சைலன்சருக்குப் போற குழாய், அதே சாமான் தான். பைக்ல ஒண்ணு இருக்கும், என் கார்ல எட்டு இருக்கு, அவ்ளோ தான் வித்தியாசம்னு நானும் நெனச்சேன்.

கார் 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. 350 க்யூபிக் இன்ச் வி8, அதாவது பக்கத்துக்கு நாலுன்னு எட்டு சிலிண்டர், நம்ம கணக்குல 5.7 லிட்டர். நான் இருக்கறது டெட்ராய்ட் பக்கத்துல, இந்த ஊர்ல மசில் காரை, அதாவது பெரிய இன்ஜின் வச்ச சாதா காரை, இன்னும் குடும்பத்துல ஒருத்தர் மாதிரி பேசுவாங்க. 1964ல பாண்டியாக் கம்பெனிக்காரங்க டெம்பெஸ்ட்னு ஒரு நடுத்தர காருக்குள்ள 389 க்யூபிக் இன்ச் இன்ஜினைத் தூக்கி வச்சு ஜி.டி.ஓன்னு வித்தாங்க, புதுசா வேலைக்குப் போற பையனே தவணைல வாங்கற விலை, அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் அதே வழில இறங்கிட்டாங்க. கதை அதான். விஷயத்துக்கு வர்றேன்.

ஃபேக்டரில இருந்து வரும்போது இந்த கார்ல குழாய் கெடையாது, வார்ப்பிரும்புல ஒரே கட்டியா பக்கத்துக்கு ஒரு மேனிஃபோல்டு இருக்கும். நாலு சிலிண்டர் பொகையும் ஒரே குட்டி அறைல விழுந்து ஒரே வாய் வழியா வெளிய போகும். பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்கார், எழுபதைத் தாண்டினவர், சாகினாவ் பக்கம் ஃபவுண்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஹெடர் பெட்டி வீட்டு வாசல்ல வந்து இறங்குன அன்னிக்கே கேட்டார், “நல்லா தானே இருக்கு அந்த மேனிஃபோல்டு, அதை ஏன்பா கழட்டற?” நியாயமான கேள்விங்க. வார்ப்பிரும்பு சத்தத்தை அமுக்கும், சூட்டைத் தனக்குள்ளயே வச்சுக்கும், அம்பது வருஷம் ஆனாலும் ஓட்டை விழாது, ஃபேக்டரிக்கு செலவும் கம்மி. அவங்க ஒண்ணும் தெரியாம அப்படி பண்ணல.

அப்புறம் எதுக்கு கழட்டறோம்? இங்க தான் எனக்குப் புடிச்ச சமாச்சாரம் வருது, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இந்த ஷெவி வி8ல பத்த வைக்கிற வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2. டிரைவர் பக்கம் ஒத்தைப்படை சிலிண்டர், அந்தப் பக்கம் ரெட்டைப்படை. இப்ப வரிசைய மறுபடி ஓட்டிப் பாருங்க, 5 வெடிச்சவொடனே அடுத்தது 7, ரெண்டும் டிரைவர் பக்கம், அதுலயும் பக்கத்து பக்கத்து வீடு. 5ஓட பொகை இன்னும் முழுசா வெளிய போகல, அதுக்குள்ள 7 கதவைத் தொறந்து முழு பிரஷர்ல தள்ளுது. பஸ்ல இருந்து ஒருத்தர் இறங்கிட்டிருக்கும்போது பின்னாடி இருந்து இன்னொருத்தர் முட்டித் தள்ளுவாரே, அதே கதை. மேனிஃபோல்டுக்குள்ள வாசல் ஒண்ணு தான், ஒதுங்க எடமே இல்ல. அந்தப் பக்கம் 8க்கும் 4க்கும் இதே சண்டை. ஹெடர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி குழாய், மூணடிக்கு கிட்ட நீளம், அதுக்கப்புறம் தான் நாலும் கலெக்டர்னு சொல்ற ஒரு பெரிய குழாய்ல சேரும். பொகை ஒரு தம்ல போயி கலெக்டர்ல விரியும்போது அங்கிருந்து ஒரு உறிஞ்சல் அலை திரும்பி வரும், அந்த நேரத்துல வால்வு இன்னும் மூடாம இருந்தா மிச்சப் பொகையையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும், காலியான எடத்துக்கு புதுக் காத்து வரும். குழாய் நீளமும் விட்டமும் சரியா அமைஞ்சா தான் இது நடக்கும், அதுவும் எல்லா ஆர்.பி.எம்லயும் நடக்காது. என் மாதிரி சாதா 350க்கு ஒண்ணே முக்கால் இன்ச் குழாய் வேண்டாம், 1 5/8 போதும்னு அனுபவசாலிங்க சொல்லுவாங்க, பெருசு போட்டா கீழ் ஸ்பீடுல இழுவை செத்துடும்.

இன்னொண்ணு. 1970 கேட்லாக்ல என் இன்ஜின், நாலு பேரல் கார்புரேட்டரோட, அதாவது காத்து போற வாய் நாலு இருக்கற கார்புரேட்டரோட, 300 குதிரைசக்தின்னு போட்டிருக்கும். அந்த காலத்து கணக்கு கிராஸ் கணக்கு, இன்ஜினை மட்டும் தனியா ஸ்டாண்ட்ல வச்சு, கார்ல வர்ற சைலன்சர், ஏர் கிளீனர் தொந்தரவெல்லாம் இல்லாம அளந்தது. 1972ல அதெல்லாம் மாட்டி வச்சு அளக்கற நெட் கணக்குக்கு மாறினதும் அதே 350 நாலு பேரல் 175ன்னு வந்து நிக்குது. நடுவுல 1971ல கம்ப்ரஷனையும், அதாவது சிலிண்டர்ல காத்தை அமுக்கற அளவையும், கொறச்சாங்க, அதனால முழுப் பழியையும் அளவு மேல போட முடியாது. ஆனா 300ன்னு நம்பி வாங்குனவனுக்கு ரோட்ல எப்பவுமே 300 கெடைக்கல, அதுல ஒரு பங்கை இந்த மேனிஃபோல்டும் பின்னாடி இருக்கற ஒல்லிக் குழாயும் தின்னுடுச்சு.

சரி, வேலைக்கு வருவோம். சனிக்கெழம காலைல ஆரம்பிச்சா சாயந்தரம் ஓட்டலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. எனக்கு மூணு வாரக் கடைசி ஆச்சு. அதுல முதல் வாரம் முழுக்க பழைய போல்ட்டு கழட்டறதுலயே போச்சு, ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னெண்டே பன்னெண்டு போல்ட்டு. அம்பது வருஷம் சூடாகி ஆறி சூடாகி ஆறி, துருவும் இரும்பும் ஒண்ணாயிடுச்சு. மூணு நாள் முன்னாடியே பெனிட்ரேடிங் ஆயில் ஊத்தி ஊற வச்சேன், பத்து வந்துடுச்சு, பதினொண்ணாவது போல்ட்டு லேசா சுத்துச்சு, அட வருதேன்னு சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்படக்கூடாதுங்க, போல்ட்டு பிசுபிசுன்னு சுத்துதுன்னா அது கழண்டு வரல, முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். டக்குனு தலை என் கைல, உடம்பு உள்ள. அதுவும் கடைசி சிலிண்டர்ல, இன்ஜினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர், ஃபயர்வால்னு சொல்லுவாங்க, அது ஓரமா, கை மட்டும் போகும், கண்ணு போகாது.

டிரில் எடுத்துட்டு போனேன், பெரியவர் வேலி மேல இருந்தே கத்தினார், தொடாதேன்னு. கோணலா டிரில் போச்சுன்னா ஹெட்டு போச்சு. அவரே வெல்டிங் மெஷின் கொண்டு வந்தார். வெளிய நீட்டிக்கிட்டு இருந்த அரைக்கால் இன்ச் தண்டு மேல ஒரு நட்டை வச்சு, நட்டுக்கு நடுவுல வெல்டு வச்சு நெரப்பினார். செவப்பா இருந்தது மெதுவா கருப்பாகற வரைக்கும் பேசாம நின்னார், அப்புறம் ஸ்பானர் போட்டு இப்படி கொஞ்சம் அப்படி கொஞ்சம், முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி, க்ரீச்சுனு ஒரு சத்தம், வந்துடுச்சு. வெல்டிங் சூடு தான் துருவை ஒடச்சுதுன்னு சொன்னார். பன்னெண்டாவதை நான் தொடவே இல்ல, அவரையே கழட்டச் சொல்லிட்டேன்.

அடுத்த வாரம் ஹெடர் ஏத்தற வேலை. டிரைவருக்கு எதிர்ப் பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டிட்டா ஓரளவுக்கு எடம் கெடச்சுடும். டிரைவர் பக்கம் தான் வம்பு, ஸ்டீயரிங் தண்டு, ஸ்டீயரிங் பாக்ஸ், ஃப்ரேம், இதுக்கு நடுவுல நாலு பாம்பு மாதிரி பின்னிக்கிட்டிருக்கற குழாய மேல இருந்து எறக்கவே முடியாது. காரை நல்லா ஒசரமா ஸ்டாண்ட்ல நிறுத்தி, கீழ இருந்து ஏத்தணும், இன்ஜின் மவுண்ட் போல்ட்டை எடுத்துட்டு இன்ஜினை ரெண்டு இன்ச் ஜாக்கி போட்டு தூக்கணும். ஆயில் பேனுக்கு அடில ஒரு மரக்கட்டை வச்சேன், ஃபேன் மூடில இடிக்குதான்னு பாத்தேன், எல்லாம் பாத்தேன், பிளக்குக்கெல்லாம் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய மட்டும் கழட்ட மறந்துட்டேன். ஷெவி இன்ஜின்ல அது பின்னாடி ஃபயர்வால் பக்கத்துல இருக்கும். ஜாக்கிய நாலு தடவ அடிச்சேன், டப்புன்னு ஒரு சத்தம். மூடி விரிசல் விட்டுடுச்சு. ஒண்ணும் பெரிய செலவு இல்ல, ஆனா அந்த ஞாயித்துக்கெழம அத்தோட முடிஞ்சுது.

ஹெடரோட வர்ற போல்ட்டு தலை சின்னதா இருக்கும், 3/8 ஸ்பானர், ஏன்னா பழைய 9/16 தலை குழாய்க்கு இடிக்கும். நடுப் போல்ட்டு ஒண்ணுக்கு ஒரு தடவைக்கு ஸ்பானர் எவ்வளவு திரும்பும்னு நெனைக்கிறீங்க? கடிகாரத்துல ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷ முள்ளு நகர்ற தூரம். படுத்துக்கிட்டு, எடுத்து எடுத்துப் போட்டு, ஒரு போல்ட்டுக்கு கால் மணி நேரம். முதல்ல எல்லா போல்ட்டையும் விரலால புடிக்க வச்சுட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், முறுக்கு 20ல இருந்து 25 ஃபுட் பவுண்டு. பெட்டில குடுத்த பேப்பர் கேஸ்கெட்டை நான் குப்பைல போட்டுட்டேன், அது கருகி ஓரமா பறந்துடும், கூட கொஞ்சம் காசு குடுத்து காப்பர்ல வாங்கிப் போட்டுக்குங்க.

முதல் ஸ்டார்ட்ல பொகை வரும், பயப்படாதீங்க, பெயிண்ட்டும் கை எண்ணெயும் எரியற பொகை. ஆனா கராஜ் கதவைத் தொறந்து வச்சுட்டு பண்ணுங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது. பழைய காரோட தரைல துரு ஓட்டை இருந்தா முதல்ல அதை அடைங்க. நல்லா சூடாகி ஆறினதும் பன்னெண்டு போல்ட்டையும் மறுபடி டைட் பண்ணணும், அப்புறம் நூறு மைல் ஓட்டிட்டு ஒரு தடவ. நான் அந்த ரெண்டாவது தடவைய சோம்பேறித்தனத்துல விட்டேன்.

ஹெடர் போட்டதுக்கு கூலி வுட்வர்ட் அவென்யூல கெடச்சுது. ஆகஸ்ட் மூணாவது சனிக்கெழம ட்ரீம் க்ரூஸ்னு நடக்கும், 1995ல இருந்து நடக்குது, ஃபெர்ன்டேல்ல இருந்து பாண்டியாக் ஊர் வரைக்கும் ரோடு முழுக்க பழைய காருங்க நடந்து போற வேகத்துல ஊர்ந்து போகும். வெயில், மெதுவான டிராஃபிக், எறங்கி ஒரு ஐஸ் தண்ணி வாங்கலாம்னு காரை ஆஃப் பண்ணேன். திரும்பி வந்து சாவிய திருப்புறேன், ‘க்ளிக்’. இன்னொரு தடவ, ‘க்ளிக்’. அவ்ளோ தான். வார்ப்பிரும்பு தனக்குள்ள வச்சுக்கிட்ட சூட்டை இந்த மெல்லிசுக் குழாய் சுத்தி இருக்கறதுக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுக்குது, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கற ஸ்டார்ட்டர் சோலனாய்டு, அதாவது ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடற காந்த சுவிட்ச், வெந்து போயி, சுருள்ல கரண்ட் சரியா ஏறல. முக்கா மணி நேரம் பானட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன், போறவன் வர்றவனெல்லாம் நல்லா இருக்கு காருன்னு போட்டோ எடுத்துட்டுப் போறான், அது ஷோவுக்கு நிறுத்துனதுன்னு நெனச்சுட்டாங்க. ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. அப்புறம் சின்ன சைஸ் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டுனேன், குழாய்ல இருந்து நல்லாவே தள்ளி நிக்கும். குழாய் மேல துணி மாதிரி ராப் சுத்தலாம்னு சிலர் சொன்னாங்க, இந்த ஊர் ஈரத்துக்கும் பனிக்கு ரோட்ல போடற உப்புக்கும் அது தண்ணிய புடிச்சு வச்சு உள்ளயே துருப் புடிக்க வைக்கும், அதுக்கு செராமிக் கோட்டிங் குடுத்த ஹெடரே வாங்கியிருக்கலாம், காசு பாத்துட்டேன்.

இதெல்லாம் போக, கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற குட்டித் துளை, ஜெட்னு சொல்லுவாங்க, அதை ஒரு சைஸ் ஏத்த வேண்டி வந்துச்சு, காத்து நல்லா போனா பெட்ரோலும் கூட வேணும்ல. பின்னாடி பழைய ஒத்தைக் குழாய வச்சுக்கிட்டு முன்னாடி மட்டும் ஹெடர் போடறவங்கள பாத்தா எனக்குத் தோணறது, ஆனைய வாங்கிட்டு அங்குசம் வாங்க யோசிச்ச கதை தான். ரெட்டை எக்ஸாஸ்ட் இல்லாம இந்த வேலைல கை வைக்காதீங்க. சும்மா ஞாயித்துக்கெழம ஓட்டற காருன்னா பழைய ஷெவர்லே கார்வெட்ல வந்த ஆட்டுக்கொம்பு ஷேப் மேனிஃபோல்டு தேடி வாங்குங்க, அதுவும் வார்ப்பிரும்பு தான், காத்து நல்லா போகும், லீக் தொல்லை இல்ல.

அப்ப நீ ஏன் போட்டேன்னு கேட்டா, சத்தத்துக்கு தாங்க. குதிரை எத்தனை கூடுச்சுன்னு நான் அளக்கவே இல்ல. 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிக்கற அந்த தடதடப்பு முன்னாடி மூடி போட்ட அண்டால கேக்கற மாதிரி இருந்துச்சு, இப்ப மூடிய எடுத்தாச்சு. பழைய மேனிஃபோல்டு ரெண்டையும் எண்ணெய் தடவி சாக்குல சுத்தி கராஜ்ல வச்சிருக்கேன், பெரியவர் வாரத்துக்கு ஒரு தடவ அது பத்திரமா இருக்கான்னு கேப்பார். காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணா டிரைவர் பக்கம் பின்னாடி டிக் டிக்னு ஒரு லீக் சத்தம், ரெண்டு நிமிஷத்துல இரும்பு விரிஞ்சு அடங்கிடும். அந்த ஒடஞ்ச போல்ட்டு எடம் தான். இந்த சனிக்கெழம 3/8 ஸ்பானரோட கீழ படுக்கணும்.