பின்னால் வருகிறவருக்கு ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். பல குளிர்காலங்களில் டொரன்டோவுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் விமானம் ஓட்டியவன் என்பதால், பனிக்காலத்தில் விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பற்றிச் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். அதில் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது ஒரே விஷயம்தான். இறங்கி முடித்த விமானி, தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்லி அனுப்பும் செய்தி.

கோபுரத்தில் இருக்கும் கன்ட்ரோலருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எந்த விமானம் எங்கே வருகிறது எல்லாம் தெரியும். ஓடுபாதை எவ்வளவு வழுக்குகிறது என்பது மட்டும் அங்கிருந்து பார்த்தால் தெரியாது. விமான நிலைய ஊழியர்கள் வண்டியில் போய், பனி எத்தனை மில்லிமீட்டர், காய்ந்த பனியா, சகதியா என்று பார்த்து வந்து சொல்வார்கள். ஆனால் அறுபது டன் எடையோடு, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பது, போட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் கன்ட்ரோலர் கேட்பார், "பிரேக்கிங் ஆக்‌ஷன் எப்படி?" என்று. பதிலுக்கு ஆறு தரம் உண்டு. 'குட்' என்பது மேல் படி, 'மீடியம்' நடு, 'புவர்' அதற்குக் கீழே. இவற்றுக்கு நடுவில் இரண்டு இடைப்படிகள். எல்லாவற்றுக்கும் அடியில் 'நில்', ஆங்கிலத்தில் 'ஒன்றுமில்லை' என்று பொருள். அதாவது பிரேக் போட்டும் போடாதது மாதிரிதான்.

இந்தக் கேள்வி எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பனி படர்ந்த ஓடுபாதையில் சக்கரம் தொடுவதே மெத்தென்று இருக்கும், வழக்கமான அதிர்வு இருக்காது. வேகத்தைக் குறைக்க எஞ்சினின் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும் ரிவர்சரைத் திறந்ததும், எஞ்சின் ஊதித் தள்ளும் பனித்தூள் எழும்பி, விளக்குகளை மறைத்துவிடும். காலைப் பெடலில் அழுத்துகிறோம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-ஸ்கிட் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். வேகம் குறைகிறபோது உடம்பு முன்னால் சாய்ந்து பெல்ட்டில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தம் வரவில்லை என்றால் வயிற்றைப் பிசையும். வேகம் அறுபது 'நாட்' அளவுக்கு, அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்கு, வந்ததும் ரிவர்சரை மூட ஆரம்பிக்கிறோம். அதற்கப்புறம்தான் வெறும் பிரேக்கின் லட்சணம் தெரியும். ஓடுபாதையை விட்டு வெளியேறும் பக்கவழியில் திரும்பும்போது மூக்குச் சக்கரம் கொஞ்சம் சறுக்கும். கேள்வி வருவது சரியாக அப்போதுதான்.

அந்த நிமிடத்தில் விமானியின் மனம் நிம்மதியில் இருக்கிறது. இறங்கியாயிற்று, நின்றாயிற்று. வாயில் தானாக வருவது 'குட்'. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேகத்தைக் குறைத்ததில் பெரும்பங்கு ரிவர்சர் செய்திருக்கும். வேகத்தைக் குறித்த அளவில் தானாகக் குறைக்கும் ஆட்டோபிரேக் போட்டிருந்தால், ரிவர்சர் இழுக்க இழுக்க அது சக்கரத்தை லேசாகத்தான் பிடித்திருக்கும். அப்படியானால் அவர் பிரேக்கைச் சோதிக்கவே இல்லை. அவர் 'குட்' என்றது விமானம் நின்ற விதத்தை. பின்னால் வருகிறவர் அதை ஓடுபாதையின் தன்மையாக எடுத்துக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோர் நடுவிலேயே திரும்பிவிடுவதால், ஓடுபாதையின் கடைசிப் பகுதி எப்படி என்று சொல்ல ஆள் குறைவு. அது யாருக்குத் தேவைப்படும்? நிற்க முடியாமல் போகிறவருக்கு.

2005 டிசம்பர் 8 மாலை, சிகாகோவின் மிட்வே விமான நிலையம். நாலு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த, ஓடுபாதைகள் குட்டையான நிலையம் அது. பால்டிமோரிலிருந்து வந்த சவுத்வெஸ்ட் 1248, ஒரு போயிங் 737, பனி கொட்டும்போது இறங்க வந்தது. எதிர்க்காற்று கிடைக்கும் திசையில் இறங்கியிருந்தால் வசதி. ஆனால் அந்தப் பக்கத்துக்குத் தேவையான பார்வைத் தொலைவு அன்று இல்லை. அதனால் பின்காற்றோடு இறங்க வேண்டியதாயிற்று. முன்னால் போனவர்களின் செய்தி கலவையாக வந்தது: முதல் பாதி பரவாயில்லை, பின் பாதி புவர். கலவையாக வந்தால் மோசமானதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். விமான அறையில் இருந்த கணினி, நின்றுவிடலாம், கொஞ்சம் இடம் மிஞ்சும் என்றது. அந்தக் கணக்கு உடனடியாக ரிவர்சர் திறக்கப்படும் என்ற அனுமானத்தில் போட்டது. அன்று ரிவர்சர் திறந்தது சக்கரம் தொட்டுச் சுமார் 15 வினாடி கழித்து. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு தெருவில் போய், ஒரு காரின் மேல் மோதியது. விமானத்தில் இருந்த 103 பேரில் யாரும் சாகவில்லை. காரில் இருந்த 6 வயதுப் பையன் போய்விட்டான்.

விசாரணையில் முதன்மைக் காரணமாகச் சொன்னது ரிவர்சர் தாமதத்தைத்தான். ஆனால் அந்தப் பையனின் சாவுக்குப் பிறகுதான், பனியை இன்னும் ஒழுங்காக அளந்து சொல்ல வேண்டும் என்று உலகம் முனைந்தது. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை எண் கொடுக்கும் முறை அமெரிக்காவில் 2016 அக்டோபரில் வந்தது. 2021 நவம்பர் 4 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதே மாதிரி ஒன்றை உலக நடைமுறையாக்கியது. 6 என்றால் காய்ந்த தரை, 0 என்றால் நில். விமானி சொல்வது மோசமாக இருந்தால் அந்த எண்ணைக் குறைக்க வேண்டும். அதாவது அளந்து போட்ட எண்ணைவிட, இப்போதுதான் இறங்கியவரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. எனக்கு இது மிகவும் பிடித்த விதி.

'நில்' என்று சொல்ல மட்டும் துணிச்சல் வேண்டும். சொன்னதும் ஓடுபாதையை மூடியாக வேண்டும். மேலே வரிசையாகச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள், சிலர் எரிபொருள் பார்த்து வேறு ஊருக்குத் திரும்புவார்கள். ஒரு வார்த்தையால் இத்தனை பேருக்கு இடைஞ்சலா என்று தயங்கத் தோன்றும். தயங்கக்கூடாது. தரை பிடிக்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவர் ஒருவருக்குத்தானே தெரியும்?

புறப்படும்போதும் இதே கதைதான். 1982 ஜனவரி 13, வாஷிங்டன். ஏர் ஃப்ளோரிடா 90 பனிநீக்கம் முடித்து, வரிசையில் நின்று, ஓடுபாதைக்கு வருவதற்குள் 49 நிமிடம் ஆகிவிட்டது. இறக்கையில் பனி சேர்வதைத் துணை விமானி பார்த்தார், உள்ளே சொல்லவும் செய்தார். ஆனால் கோபுரத்திடம், "திரும்பிப் போய் மறுபடி பனி நீக்க வேண்டும்" என்ற ஒரு வரி போகவில்லை. கேட்டிருந்தால் கன்ட்ரோலர் வழிவிட்டிருப்பார். இறக்கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எஞ்சினின் பனித்தடுப்பும் போடப்படவில்லை. விமானம் எழும்பி, பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி விழுந்தது. பாலத்தில் போனவர்கள் நால்வரோடு சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

பனி கொட்டாத நம் டெல்லியிலும் மூடுபனிக் காலத்தில் இதுவே நடக்கிறது. 50 மீட்டர் பார்வைத் தொலைவில் இறங்கும் விமானத்தைக் கோபுரத்திலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. தரை ரேடார் உதவும். ஆனாலும் விமானி, பக்கவழியின் நடுவில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி எரியும் விளக்குகளைத் தாண்டி, வெறும் பச்சை வரும் இடத்துக்குப் போன பிறகுதான் "ஓடுபாதையை விட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே சொன்னால், அடுத்து இறங்குகிறவருக்கு வழிகாட்டும் ரேடியோ அலை அந்த விமானத்தின் உடம்பில் பட்டுத் திரிந்துபோகும்.

இளம் விமானிகள் கேட்டால் நான் சொல்வது இதுதான். கன்ட்ரோலர் கேட்கிறவரை காத்திருக்காதீர்கள். விமானத்தின் வகை, ஓடுபாதையில் எந்தப் பங்கு, காலால் பிரேக் போட்டுப் பார்த்தீர்களா இல்லையா, இவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிரேக்கைத் தொடவே இல்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். இரண்டு தரத்துக்கு நடுவே சந்தேகம் வந்தால் கீழே உள்ளதைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து இறங்கப் போகிறவர் உங்கள் வார்த்தையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

நன்றி, வணக்கம்.