காவல்துறை மாநிலத்தின் கையில், ஐபிஎஸ் பயிற்சி மட்டும் ஏன் ஹைதராபாத்தில்?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சார், காவல்துறை மாநில அரசின் அதிகாரத்தில்தானே வருகிறது? அப்புறம் எதற்கு ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு தேசிய போலீஸ் அகாடமி? அது எப்படி வந்தது?"

கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலை எடுத்தால், இரண்டாவதாகவே காவல்துறை இருக்கும். ஆனால் ஐபிஎஸ் அகில இந்தியப் பணி. ஆளை எடுப்பது யுபிஎஸ்சி, நியமிப்பது மத்திய அரசு, வேலை பார்ப்பது மாநிலத்தில். பீகாரில் பிறந்த ஒருவர் தூத்துக்குடியில் எஸ்.பி.யாக இருப்பார். அதனால்தான் எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி இல்லை. 1893 முதல் லண்டனில் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுத்தார்கள். பயிற்சியை அந்தந்த மாகாணம் பார்த்துக்கொண்டது. நம் சென்னை மாகாணத்தின் பயிற்சிப் பள்ளி வேலூர்க் கோட்டைக்குள் இருந்தது. பஞ்சாபிலோ ரஞ்சித் சிங் காலத்து பில்லௌர் கோட்டை. இரண்டுமே கோட்டை என்பதைக் கவனியுங்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, 1861-ல் வந்த சட்டம் உருவாக்கிய போலீஸ் அது. அரசாங்கத்தைக் காப்பதுதான் அதன் முதல் வேலை, மக்கள் அதற்குப் பிறகுதான். 1902-ல் வைஸ்ராய் கர்சன் போலீஸை ஆராய அமைத்த ஃப்ரேசர் கமிஷனே, பயிற்சி போதவில்லை, ஊழலும் கொடுமையும் மலிந்த துறை என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதியது.

சுதந்திரம் நெருங்கும்போது, 1946 அக்டோபரில், சர்தார் படேல் மாகாணப் பிரதமர்களை (இன்றைய முதல்வர்களை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) கூட்டிப் பேசி ஐஏஎஸ், ஐபிஎஸ் இரண்டுக்கும் ஒப்புதல் வாங்கினார். 1948 செப்டம்பர் 15 அன்று ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் மத்திய போலீஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. இந்தத் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அதே வாரத்தில்தான் நிஜாமின் ஹைதராபாத்துக்குள் இந்திய ராணுவம் நுழைந்துகொண்டிருந்தது. 'போலீஸ் நடவடிக்கை' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதுதான். 1975-ல் அகாடமி இடம் மாறிப் போனதும் அதே ஹைதராபாத்துக்குத்தான். இப்போது சிவராம்பள்ளியில் 277 ஏக்கரில் இருக்கிறது. நடுவில் 1967-ல் தேசிய போலீஸ் அகாடமி என்று பெயர் மாறியது. 1974-ல் படேலின் பெயரையும் சேர்த்தார்கள். மவுண்ட் அபு வளாகம் பின்னர் சிஆர்பிஎஃப் அகாடமியின் கைக்குப் போனது.

பெயரும் இடமும் மாறியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, போலீஸ் பயிற்சியை ஆராய 1971-ல் அமைத்த குழுவுக்கு யாரைத் தலைவராகப் போட்டார்கள் என்பதுதான். பேராசிரியர் எம்.எஸ். கோரே. அவர் போலீஸ்காரர் இல்லை. டாடா சமூக அறிவியல் கழகத்தின் இயக்குநர். கவாத்தும் துப்பாக்கி சுடுதலும் மட்டும் போதாது, எதிரில் நிற்கும் மனிதனை எப்படிப் பார்க்கிறோம் என்பதும் பயிற்சிதான் என்று அந்தக் குழு சொன்னது. ஐம்பது வருடத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்கள்!

அகாடமியில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தில் கவாத்து சொல்லிக்கொடுப்பவரை 'உஸ்தாத்', அதாவது குரு, என்று கூப்பிடுவார்கள். பதவியில் அவர் கீழே இருப்பவர். இன்னும் சில வருடத்தில் ஒரு மாவட்டத்தையே நடத்தப்போகிறவர், உஸ்தாத் "திரும்பு" என்றால் திரும்ப வேண்டும். ஷூவில் தூசி இருந்தால் அவரிடம் பேச்சு வாங்க வேண்டும். 1972-ல் கிரண் பேடி பணிக்குச் சேர்ந்தபோது, ஐபிஎஸ்ஸுக்கு வந்த முதல் பெண் அவர்தான். மவுண்ட் அபுவில் அந்த அணியில் ஒரே பெண்ணாக நின்றார். இன்று ஒவ்வொரு அணியிலும் பெண்கள் இருக்கிறார்கள். வகுப்பறையிலும் பாடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இதையெல்லாம் படிக்காமல் ஒரு அதிகாரி வெளியே வர முடியாது.

சரி, இதில் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் ஒரு புகாரோடு ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் பார்ப்பது ஐபிஎஸ் அதிகாரியை இல்லை. வாசலில் பாரா நிற்கும் காவலரை, உள்ளே ரைட்டரை. இரவு பதினோரு மணிக்கு அழுதுகொண்டு வரும் ஒரு பெண்ணிடம் "உட்காருங்கம்மா" என்று சொல்வதா, "காலையில வா" என்று சொல்வதா என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. காவல்துறையில் மிகப் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குக் கிடைப்பது சில மாதப் பயிற்சி, அதிலும் பெரும்பகுதி மைதானத்தில். கோரே குழு சொன்னது அகாடமிக்கு மட்டும் இல்லை, இவர்களுக்கும் சேர்த்துத்தான். ஹைதராபாத்தில் போட்ட அக்கறையில் பாதியையாவது மாநிலங்களின் காவலர் பயிற்சிப் பள்ளிகளில் போட்டிருக்க வேண்டும். நல்ல ஆசிரியர்களை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். பல இடங்களில் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றாலே தண்டனை மாதிரிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதைப் பார்ப்பவர்களில் காவலர் பயிற்சி முடித்தவர்கள் இருந்தால், எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள். ஒரு புகாரை எப்படிக் கேட்டு வாங்குவது என்று உங்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தார்கள்?