சந்திரசேகரம்: நிலவைத் தலையில் சூடின பெயர்

[காட்சி: பிரெட்ரிக் கோட்டை வாசல், புல் மேயிற புள்ளிமான்கள், பின்னால சுவாமி மலை]

வணக்கம். திருகோணமலையில இருந்து பேசுறன். பிள்ளைக்குப் பெயர் தேடுற ஆக்கள் "சந்திரசேகர்" எண்டு தட்டினா, பக்கத்தில "நிலா" எண்டு ஒரு சொல் வந்து நிக்கும். அது பிழை. இது நிலவின்ர பெயரில்லை, நிலவைத் தலையில சூடினவரின்ர பெயர்.

சமஸ்கிருதத்தில "சந்திர" எண்டா ஒளிவிடுறது. "சேகரம்" எண்டா முடியில அணியிறது. ரெண்டும் சேர்ந்தா சிவன்தான், வேற ஆள் இல்லை. இந்தியாவில சந்திரசேகரன், சந்திரசேகர். எங்கட பழைய ஆக்களிட்டக் கேட்டா சந்திரசேகரம் எண்டுவினம். சிவலிங்கம், பஞ்சாட்சரம் மாதிரி "அம்"மில முடிச்சாத்தான் எங்களுக்குத் திருப்தி.

[காட்சி: தேய்பிறையின் படிநிலைகள்]

நிலா ஏன் அங்க போய் ஏறிச்சுது? தக்கனுக்கு 27 பெண் பிள்ளைகள். அசுவினி தொடக்கம் ரேவதி வரைக்கும் எல்லாம் நட்சத்திரங்கள். எல்லாரையும் கட்டின சந்திரன், ரோகிணி வீட்டிலயே கிடந்தார். மாமனாருக்குக் கோபம் வந்திட்டுது. "தேய்ஞ்சு போ" எண்டு சாபம் போட்டார். ஒரு கீற்று மட்டும் மிஞ்சின நேரம் சந்திரன் சிவனிட்ட ஓடினார். அவர் அந்தக் கீற்றை எடுத்துச் சடையில செருகிக்கொண்டார். சிவன்ர தலையில முழுநிலவு இல்லாமல் பிறை இருக்கிறது இதாலதான்.

கதைக்குள்ள வானியலும் கிடக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவில நிலா ஒரு சுற்றுப் போக 27.3 நாள் எடுக்கும். அப்ப இரவுக்கு ஒரு மனைவி வீடு, கணக்குச் சரி. ரோகிணியில காட்டின பாசமும் சும்மா கதையில்லை. சில வருசங்களில நிலா மாதாமாதம் ரோகிணியை மறைச்சுக்கொண்டு போகும். 2015 தொடக்கம் 2018 வரைக்கும் அப்பிடி நடந்தது.

தமிழில இதே பெயர் மதிசூடி, பிறைசூடி. எங்கட கோணமலைக்குப் பதிகம் பாடின சம்பந்தர், மூண்டு வயதில பாடினதாச் சொல்லுற முதல் பாட்டிலயே "தூவெண் மதிசூடி" எண்டுதான் சிவனைச் சொல்லுறார். பிள்ளைக்குப் பிறைசூடி எண்டு பெயர் வைச்ச ஆரையும் நான் காணேல்லை. வைச்சா நல்லாத்தான் இருக்கும்.

[காட்சி: கோணேசர் கோயில், கீழே கடல்]

இனித் திருகோணமலைக்கு வருவம். மலையில இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல இடிச்சினம். அதின்ர கல்லுகள் கோட்டைக்குப் போச்சுது. சில திருவுருவங்கள் மண்ணுக்குள்ள கிடந்திச்சுது. 1950இல நகரசபை ஆக்கள் கோயிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டேக்க வெண்கலச் சிலைகள் வெளிய வந்தது. சோமாஸ்கந்தர், அம்மன், பிள்ளையார், அவையோட சந்திரசேகரரும். சந்திரசேகரர் எண்டா நிமிர்ந்து நிக்கிற கோலம்: பின் கைகளில மழுவும் மானும், முன் வலது கை அபயம், சடைமுடியில பிறை. கோயில் திரும்ப எழும்பி 1963இல கும்பாபிஷேகம் நடந்தது.

சோமன் எண்டாலும் நிலாதானே, அப்ப சோமாஸ்கந்தரும் நிலாப் பெயரோ எண்டு கேப்பீங்க. இல்லை. உமையோடயும் கந்தனோடயும் இருக்கிறவர் எண்டதுதான் அந்தப் பெயர்.

[காட்சி: விண்வெளியில் சந்திரா தொலைநோக்கி]

இந்தப் பெயருக்கு இன்னொரு பெருமை. சர் சி.வி. ராமனின்ர "சி" எழுத்து, தகப்பன் சந்திரசேகரனின்ர பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில, ராமனின்ர தமையன் மகனுக்கும் அதே பெயர் வந்தது. அவர்தான் 1910இல லாகூரில பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சித்தப்பா ராமனுக்கு 1930இல நோபல் பரிசு, தமையன் மகன் சந்திரசேகருக்கு 1983இல. நாசா 1999இல அனுப்பின எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு "சந்திரா" எண்டு வைச்சதும் இவரின்ர பெயரால.

வைக்கப் போறீங்களெண்டா ஒண்டு. வீட்டில "சேகர்" எண்டு சுருக்கினா நிலா கழண்டுபோகும், "சந்திரன்" எண்டு சுருக்கினா சிவன் கழண்டுபோவார். பிறப்புப் பத்திரத்தில எண்டாலும் முழுசா எழுதிப்போடுங்க.