படித்துவிட்டுக் கேள்வி கேட்பவர்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்து எழுத வந்தவள் என்ற முறையில், எழுத விரும்பும் இளையோருக்கு எது துணையாகிறது என்பதைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

பாராட்டு வேண்டும்தான். ஆனால், எழுதியதை முழுவதும் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் ஒருவர் அதைவிட முக்கியமாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் நாட்டுத் தமிழ் எழுத்து அப்படித்தான் வளர்ந்தது. 1924இல் தொடங்கப்பட்ட தமிழ் நேசன் நாளிதழில், 1950ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்திப் புதியவர்களைப் பழக்கினார்கள். 1952இல் அதே இதழில் பணியாற்ற வந்த தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி, இங்குள்ள எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ், மாணவர் மணிமன்றத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளையும் எழுத வைத்தது.

என் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத என் அம்மா. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து நான் கதையை வாசித்துக் காட்டும்போது, "ராத்திரி மழைன்னு எழுதியிருக்கியே, பட்டை காயாம அவ எப்படிப் பால்மரம் வெட்டுனா?" என்று கேட்பார். ஈரப் பட்டையில் உளி வைத்தால் பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகி வழிந்து, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சேராமல் வீணாகும் என்பதை, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் வந்த அவர்தான் சொல்ல முடியும். நூலகத்துப் புத்தகங்கள் எனக்கு நடையைத் தந்தன. எங்கள் வாழ்க்கையும் கதைக்குரியதே என்னும் துணிவை அந்தக் கேள்விகள் தந்தன. நல்ல வாசிப்புக்கு இணையாக இதையும் நான் வைக்கிறேன்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்டது, லயத்துக் குடும்பங்கள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பிரிந்துவிட்டன, தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. எழுதும் பிள்ளைகள் மட்டும் குறையவில்லை என்பதைப் பள்ளிகளுக்குச் செல்லும்போதெல்லாம் காண்கிறேன். ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் வேண்டிக்கொள்கிறேன்: பிள்ளை ஒரு கதையை நீட்டினால், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தராதீர்கள். எந்த இடத்தில் மனம் நின்றது, எந்த இடம் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். உடனே படிக்க நேரமில்லையென்றால், என்றைக்குப் படித்துத் தருவீர்கள் என்பதையாவது சொல்லிவிடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் பிள்ளை அடுத்த கதையைத் தொடங்குவதில்லை.