கை எடுக்கும் முன் கண் எடுத்துவிடுகிறது

(தலைப்பு: ஒரு பொருளை வாங்க வைப்பது தரமா, தோற்றமா? ‘தோற்றமே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் “அழகு சோறு போடாது” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழமொழி நல்ல பழமொழிதானே! அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: “தோற்றம் ஒருமுறை வாங்க வைக்கும், மறுமுறை வாங்க வைப்பது தரம்தான்.” அந்த மறுமுறையைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

2009 ஜனவரி, அமெரிக்கா. டிராபிகானா என்று ஓர் ஆரஞ்சுச் சாறு. பெட்டியின் மேல் ஒரு முழு ஆரஞ்சுப் பழம், அதில் குத்தி நிற்கும் ஒரு ஸ்ட்ரா. அதுதான் அதன் முகம். திடீரென்று பெட்டியை நவீனமாக்குகிறோம் என்று பழத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளையில் சாறு இருப்பது போலப் படம் போட்டார்கள். எழுத்தையும் மாற்றினார்கள். உள்ளே இருந்த சாறு? அதே சாறு. ஒரு சொட்டுகூட மாறவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் “பழைய பெட்டியே திரும்ப வரும்” என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

நண்பரே, விலகிப் போனவர்கள் எல்லாம் முதல்முறை வாங்க வந்தவர்களா? வருடக்கணக்கில் குடித்தவர்கள். சுவை அவர்கள் நாக்குக்கு அத்துப்படி. ஆனால் கடை அலமாரி முன்னால் நிற்பது நாக்கு இல்லையே, கண் அல்லவா! பழகிய முகத்தைத் தேடியது, காணவில்லை, பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுமுறை வாங்க வைப்பது தரம் மட்டும்தான் என்றால் அந்த 20 சதவீதம் எங்கே போயிற்று?

சரி, “வாங்குவது கண்ணால், ஆனால் அனுபவிப்பது தரத்தை” என்று அடுத்தவர் வந்து சொல்லக்கூடும். அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் பற்றியே படிக்கும் மாணவர்கள் 54 பேர். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள் ஆய்வாளர்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. முகர்ந்து பார்த்த மாணவர்கள், சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வாசனைகளையே அடுக்கினார்கள். படிப்பே அதுதான் என்று இருப்பவர்களின் மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது. நீங்களும் நானும் எந்த மூலைக்கு?

நடுவர் அவர்களே, இங்கேதான் எங்கள் அணியின் வாதமே இருக்கிறது. தரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தரம் நம்மிடம் வந்து சேரும் வழியே தோற்றம்தான் என்கிறோம். ஏ.டி.எம். இயந்திரத்தைப் பாருங்கள். ஜப்பானில் 1995இல் இரண்டு ஆய்வாளர்கள், அதன் பொத்தான்களையும் திரையையும் 26 விதமாக அடுக்கிக் காட்டினார்கள். செய்யும் வேலை ஒன்றுதான். எது அழகாகத் தெரிந்ததோ அதுவே பயன்படுத்தவும் எளிதாக இருக்கும் என்றார்கள் மக்கள். இதைப் படித்த ஓர் இஸ்ரேலிய ஆய்வாளருக்கு நம்பிக்கை வரவில்லை. ஜப்பானியர்கள் அழகை ரசிப்பவர்கள், எங்கள் ஊரில் இது எடுபடாது என்று அவரே சோதித்துப் பார்த்தார். அங்கே அந்தத் தொடர்பு இன்னும் பலமாக வந்தது! எதிரணியில் சேர்ந்திருக்க வேண்டிய மனிதர், எங்களுக்குச் சாட்சியாகிவிட்டார்.

ஃபோர்டு காரைப் பற்றியும் நண்பர் பெருமையாகச் சொன்னார். மாடல் டி உறுதியான வண்டி, ஒன்றரைக் கோடி விற்றது. ஒப்புக்கொள்கிறேன். 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றுதான் நிறம். அதற்குள் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வண்ணவண்ணமாகக் கார்களை இறக்கியது. 1927இல் வடிவத்துக்கும் நிறத்துக்கும் என்றே தனிப் பிரிவு தொடங்கியது. அதே 1927இல் மாடல் டி நின்றுபோனது. நிறம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். தவணை முறையும் இருந்தது, புது வசதிகளும் இருந்தன. ஆனால் கடைசியில் ஃபோர்டும் கறுப்பை விட்டு இறங்கி வந்தார் என்பதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார்.

இனி அவருடைய பெரிய அஸ்திரம்: “தோற்றம் ஏமாற்றும்.” ஐயா, நன்றாகவே ஏமாற்றும்! வலு இல்லாத ஒன்று எப்படி ஏமாற்றும்? ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். சிகரெட் பெட்டிகள் எல்லாம் ஒரே நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2012 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எந்த நிறம்? மக்களிடம் கேட்டுக் கேட்டு, பார்த்தாலே பிடிக்காத நிறம் எது என்று தேடி எடுத்த ஒரு மங்கிய அழுக்குப் பழுப்பு. நிறுவனத்தின் சின்னம் கிடையாது. பெயர்கூட எல்லோருக்கும் ஒரே எழுத்தில். வாங்க வைப்பதற்காக உலகமே வடிவமைத்துக்கொண்டிருக்கும்போது, வாங்க விடாமல் செய்வதற்காக வடிவமைத்த பெட்டி அது!

கவனியுங்கள், உள்ளே புகையிலையை யாரும் தொடவில்லை. மேலட்டையைத்தான் மாற்றினார்கள். அதற்கே புகையிலை நிறுவனங்கள் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயின. “எங்கள் சின்னமும் பெட்டியின் தோற்றமும் எங்கள் சொத்து, அரசு அதைப் பறிக்கிறது” என்பதுதான் அவர்கள் வாதம். 2012 ஆகஸ்டில் வழக்கில் தோற்றுப் போனார்கள்.

தோற்றத்தைச் சொத்து என்று சொன்னது நான் இல்லை, நடுவர் அவர்களே, விற்பவர்களே சொன்னது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் கேட்பது இதைத்தான்: வெறும் மேலட்டைக்காக அவர்கள் ஏன் இவ்வளவு பெரிய வக்கீல்களைப் பிடித்தார்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அந்தப் பழமொழிக்கு வரட்டும். மணியில் கை வைத்துவிட்டீர்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.