கள்ளத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். "ஒரு லைசென்ஸ் வாங்க கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது, ஆனால் வடக்கே சின்னச் சின்ன ரவுடி கையில்கூட பிஸ்டல் இருக்கிறதே, எப்படி? பேசாமல் அமெரிக்கா மாதிரி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் குற்றவாளிகள் பயப்பட மாட்டார்களா? அப்புறம், எங்கள் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது, அதை என்ன செய்வது?" மூன்று கேள்வி. பரணில் இருப்பதைக் கடைசியில் எடுப்போம்.

முதல் விஷயம், ரவுடி யாரும் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் போடுவதில்லை. இந்தியாவில் போலீஸ் பிடிக்கும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாதவை, வடக்கே 'கட்டா' என்பார்கள், பட்டறையில் செய்தது. பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். 1762இல் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்க்க ஆயுதச் சாலை வைத்தார். நவாப் தோற்றுப் போனார், கைவேலை மட்டும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டது. சுதந்திரத்துக்கு அப்புறமும் அங்கே அரசு அனுமதியோடு வேட்டைத் துப்பாக்கி செய்யும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் இருந்தன. ஆர்டர் குறையக் குறைய கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு வேலை போனது. கூலி கொடுக்க ஆள் இருந்தது, ஆனால் சட்டத்துக்கு வெளியே. மத்தியப் பிரதேசத்தில் கார்கோன், பர்வானி பக்கமும் இதே கதைதான், மும்பையிலும் பஞ்சாபிலும் பிடிபடும் பிஸ்டல்களில் நிறைய அந்தப் பக்கத்துச் சரக்கு. போலீஸ் ரெய்டு போகாமல் இல்லை. முங்கேரில் நெருக்கினால் அதே ஆட்கள் மேற்கு வங்காளத்தில் போய் வாடகை வீட்டில் பட்டறை போடுகிறார்கள், கொல்கத்தாவைச் சுற்றியே பல தடவை பிடிபட்டிருக்கிறது.

இரண்டாவது வழி, அரசாங்கத்தின் கையிலிருந்தே போவது. இதைத்தான் நாம் பேசவே மாட்டேன் என்கிறோம். 2018 ஆகஸ்டில் முங்கேர் பக்கம் ஜமால்பூரில் ஒருவர் மூன்று ஏகே 47 துப்பாக்கியோடு பிடிபட்டார். வழக்கமாக அதோடு கதை முடிந்திருக்கும். அந்தத் தடவை போலீஸ், இது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனார்கள். போனால் ஜபல்பூரில் ராணுவ ஆயுதக் கிடங்கில் போய் நிற்கிறது, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வரைக்கும் கைது. கழித்துப் போட்ட துப்பாக்கிகள் வெளியே வந்து விலைக்குப் போயிருக்கின்றன. கிணற்றுக்குள்ளிருந்துகூட எடுத்தார்கள், மொத்தம் 20க்கு மேல். மணிப்பூரில் 2023 கலவரத்தில் போலீஸ் ஆயுதக் கிடங்குகளை உடைத்து எடுத்துப் போனது ஏறத்தாழ 6,000. 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு வைத்துக் கேட்டதற்குத் திரும்பி வந்தது ஆயிரம் அளவுக்குத்தான்.

லைசென்சிலும் ஓட்டை உண்டு. ஜம்மு காஷ்மீரில் தகுதி இல்லாதவர்களுக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு 2.78 லட்சம் லைசென்ஸ் கொடுத்ததாக சிபிஐ விசாரித்தது. துப்பாக்கியைப் பட்டறையில் செய்துவிடலாம், நல்ல தோட்டா அப்படி இல்லை, அது பெரும்பாலும் முறையான தொழிற்சாலையில் செய்தது. லைசென்ஸ்காரருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று அளவு இருக்கிறது, அதில் ஒரு பங்கு கள்ளத்தனமாகக் கைமாறுகிறது. கேட்டால் கல்யாணத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டேன் என்பார்கள். 2019 சட்டத் திருத்தத்தில் கல்யாணத்தில் சுடுவதற்கே இரண்டு வருஷம் வரை சிறை என்று வைத்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குண்டு பட்டுச் சாகிற கொடுமை ஒரு பக்கம், அந்தக் கணக்கு காட்டும் தந்திரத்துக்கும் இது ஒரு பூட்டு.

சரி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? அமெரிக்காவையே பார்ப்போம். 2016இல் அங்கே சிறைக் கைதிகளிடம் அரசே கேட்டு எடுத்த கணக்கு இருக்கிறது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 43 சதவீதம் பேர் தெருவில், கள்ளச் சந்தையில் வாங்கியவர்கள், 25 சதவீதம் பேருக்கு நண்பர், உறவினர் மூலம் கிடைத்தது, கடை மாதிரியான இடத்தில் வாங்கியவர்கள் பத்து சதவீதம் அளவுக்குத்தான். இதைக் காட்டி, பார்த்தீர்களா சட்டத்தால் பயனில்லை என்று அங்கே ஒரு கூட்டம் சொல்லும். ஆனால் அந்தத் தெருத் துப்பாக்கி எங்கே பிறந்தது? அங்கே பட்டறை அவ்வளவாகக் கிடையாது, பெரும்பாலும் ஏதோ ஒரு கடையில் சட்டப்படி விற்றதுதான், யாரோ பேருக்கு வாங்கி இன்னொருவனுக்குக் கைமாற்றியது, அல்லது திருடு போனது. சிகாகோவில் பிடிபட்ட துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தில் விற்றவை, பக்கத்து இண்டியானாவிலிருந்து மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு என்று 2017இல் அந்த நகர நிர்வாகமே அறிக்கை போட்டது. அதனால் எல்லோருக்கும் கொடுப்பது என்பது ஒழுகுகிற தொட்டியில் இன்னும் தண்ணீர் விடுகிற வேலை. உத்தரப் பிரதேசத்தில் 2016 முடிவில் 12.77 லட்சம் லைசென்ஸ் இருந்தது, தமிழ்நாட்டில் 22,000 சொச்சம். எந்த ஊரில் ராத்திரி நிம்மதியாக நடப்பீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

அப்போ தடுப்பது எப்படி? தண்டனையைக் கூட்டு என்பதுதான் எல்லோரும் உடனே சொல்வது. 2019இலேயே கூட்டியாகிவிட்டது, கள்ளத் துப்பாக்கி செய்தால் விற்றால் குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரை. என்ன பிரயோஜனம்? வைத்திருந்தவன் மேல் வழக்குப் போட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், தடய அறிவியல் அறிக்கை வர வேண்டும், அதற்குள் அவன் ஜாமீனில் வந்து அடுத்ததை வாங்கியிருப்பான். என் கருத்து, பிடிபட்ட ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஜமால்பூரில் செய்ததைச் செய்ய வேண்டும். யாரிடம் வாங்கினாய், அவன் யாரிடம் வாங்கினான், தோட்டா எந்தக் கடை, என்று பின்னால் போவது. மாநில எல்லை தாண்டியதும் ஃபைல் நின்றுவிடுகிறது, அதுதான் வியாபாரிக்குப் பாதுகாப்பு. பாஸ்டன் நகரத்தில் 1990களின் நடுவில் இதையும் செய்தார்கள், கூடவே சுடுகிற சின்னக் கூட்டத்தை நேரில் கூப்பிட்டு, இனி ஒருவன் சுட்டால் மொத்தக் கூட்டத்தையும் விடமாட்டோம், விலகி வந்தால் வேலைக்கு உதவுகிறோம் என்று சொன்னார்கள். இளைஞர் கொலை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்தச் சமயம் அமெரிக்கா முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான், ஆனாலும் அவ்வளவு வேகமாக எல்லா ஊரிலும் குறையவில்லை. முங்கேர் ஆட்களுக்குச் சட்டப்படி லேத் வேலை கொடுப்பதும் இதில் சேர்த்திதான், யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

இப்போது தாத்தாவின் துப்பாக்கி. அதற்கு லைசென்ஸ் இருந்ததா என்று முதலில் பழைய பெட்டியில் தேடுங்கள். இருந்தால், தாத்தா காலமானதும் அந்த உரிமை முடிந்தது, நீங்கள் அதை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும், வேண்டுமானால் வாரிசாக உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்சே இல்லை என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மலையோர மாவட்டங்களில் அவ்வப்போது போலீஸே, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பார்கள். உங்கள் பக்கம் அந்த அறிவிப்பு இல்லை என்றால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு, எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் போட வேண்டாம், யாராவது எடுத்துவிட்டால் அப்புறம் உங்களைத் தேடி வருவார்கள். பழைய வெடிமருந்து உள்ளே கிட்டித்துக் கிடக்கலாம், அதனால் துடைக்கிறேன், சரிபார்க்கிறேன் என்று கையும் வைக்காதீர்கள், பிள்ளைகளைப் பரண் பக்கம் விடாதீர்கள்.